ஆறடி ஐந்தங்குலம்

முதலில் அழைத்த இடத்தில் ஒரு பெண்குரல்
உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம் என்றது.
விலை கேட்டேன்.
நேரில் வாருங்கள் என்றது.
மறுபடி விலை கேட்டேன்.
மறுபடி பங்குகொண்டது.

இரண்டாவது இடத்தில்
பியானோ இசைக்குள் காத்திருக்க வைத்தார்கள்.
அடுப்பில் பால் பொங்கி வழிந்து
நான் துடைத்து முடித்த பிறகும்
பியானோ முடியவில்லை.

மூன்றாவது, ட்ரெகியர்.
ஏரிச் சாலையில், டயர்க் கடைக்கு அடுத்த கட்டடம்.
அவரே எடுத்தார், எதையோ மென்றபடி.
"வெறும் தகனம் ஆயிரத்து நானூறு டாலர்.
புதைப்பதென்றால் மே மாதம்."
மென்றதை விழுங்கிவிட்டு மன்னிப்பும் கேட்டார்.
அவரிடமே போனேன்.

பிப்ரவரி. வடக்கு மிச்சிகனில்
மண் நாலடிக்கு இரும்பாகிக் கிடக்கிறது.
குளிர்காலத்தில் செத்தவர்கள் இங்கே
வரிசையில் காத்திருக்க வேண்டும்,
கல்லறைத் தோட்டத்து ஓரம் ஒரு கற்கிடங்கில்,
மண்வெட்டி இறங்கும் நாள்வரை.
ரெய்னோ எதற்கும் வரிசையில் நின்றவனல்ல.

படிவத்தை நீட்டினார்.
*இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு?*
பேனா மூடியைக் கழற்றினேன். மாட்டினேன்.
பதினோரு வருடத்துக்கு முன்பென்றால்
ஒரே சொல்லில் எழுதியிருப்பேன்.
அந்தச் சொல்லை நீதிமன்றத்தில் திருப்பிக் கொடுத்தாயிற்று,
கூடவே படகையும், அவன் அம்மாவின் வாஃபிள் இரும்பையும்.

"முன்னாள் என்றால் கையெழுத்து செல்லாதுங்க"
என்றார் ட்ரெகியர், என் பூட்ஸைப் பார்த்து.
செல்லுகிற கையெழுத்து
அலாஸ்காவில் நண்டுப் படகில் இருக்கிறது.
டேல். எங்கள் மகன்.
மூன்று நாளாய் அவன் போனில் கடல்தான் பேசுகிறது.

அதுவரை குளிரறை வாடகை, நாளொன்றுக்கு எழுபது டாலர்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
சிரித்துவிட்டேன்.
அவரும் சிரித்தார், பிறகு
சட்டம் என்றார்.

பெட்டிகளைக் காட்டினார்.
ஓக், செர்ரி, உள்ளே ரோஜா நிறப் பட்டு.
உயரம் கேட்டார்.
ஆறடி ஐந்தங்குலம் என்றேன்.
அடுத்த அளவுக்குப் போகவேண்டும்,
அறுநூறு டாலர் கூடும்.

மனிதனுக்கு ஆறடி நிலம் போதும் என்று சொன்னவர்கள்
ரெய்னோ சாரெலாவை அளந்து பார்த்ததில்லை.
இருபத்தோரு வருடம் எங்கள் கட்டிலில்
அவன் பாதங்கள் வெளியேதான் தூங்கின.
போர்வையை இழுத்து மூடுவேன்,
என் தோள் திறந்துகொள்ளும்.
என் தோளை மூடுவேன்.
இப்படியே
விடிந்துவிடும்.

நான்காம் நாள் டேல் கிடைத்தான்,
காற்றும் இரைச்சலுமாக.
முதலில் அழுதான், அல்லது லைன் விட்டு விட்டு வந்தது.
"அப்பா என்னம்மா விரும்புவார்?
உனக்குத்தானே தெரியும்."

அவன் எதையெல்லாம் வெறுத்தான் என்று கேட்டிருந்தால்
வரிசையாய்ச் சொல்லியிருப்பேன்.
விரும்பியது...
சனிக்கிழமை சௌனாவில்
எல்லோரும் கீழ்ப்பலகைக்கு இறங்கிய பின்னும்
மேற்பலகையில் ஒற்றையாய்க் குந்தியிருந்து
கல்மேல் இன்னும் தண்ணீர் ஊற்று என்பான்.
நெருப்புக்குப் பயந்தவனில்லை.
தகனம் என்றேன்.
சரி என்றான் டேல். ஓவரென்று நடுவில் யாரோ கத்தினார்கள்.

கையெழுத்து துறைமுகத்திலிருந்து வந்து சேர்ந்தது.
இன்னும் ஒரு கட்டம் பாக்கி:
*தகவல் தந்தவர், உறவு.*
நான் தயங்குவதைப் பார்த்து
ட்ரெகியரே எழுதினார்: நண்பர்.
நண்பரா?
அது ஒன்றைத்தான் நாங்கள் முயன்று பார்த்ததே இல்லை.
அடிக்கச் சொல்லவில்லை.

தகனத்துக்கு அட்டைப்பெட்டி போதுமாம்.
அதிலும் நீளத்துக்குத் தனியாக முப்பது டாலர்.
ஷூ கூடாது, ரப்பர் புகையும்.
பெல்ட் கொக்கியைத் திருப்பித் தந்தார்.

"கால் வெளியே தெரியாதே?" என்று கேட்டேன்.
"தெரியாதும்மா. மூடிவிடுவோம்."

எதற்கும் இருக்கட்டுமென்று
பதினாலாம் நம்பர் கம்பளிக் காலுறைகளை
ரசீதின்மேல் வைத்தேன்.